ஹெலிகாப்டர் பெட்டிக்குப் போட்ட பூசை

பிரிக்ஃபீல்ட்ஸில் அப்பாவின் சாப்பாட்டுக் கடையில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், காசு போட்டு, கண்ணாடிக்குக் கீழே ஓடும் இரும்புப் பந்தை விழாமல் தட்டி ஆடும் ஒரு பின்போல் இயந்திரம் நின்றது. அது எங்களுடையது அல்ல. புடுவில் இருந்த ஒரு சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, அதைக் கொண்டுவந்து வைத்திருந்தார். மாதம் ஒருமுறை வந்து காசுப் பெட்டியை மட்டும் திறந்துவிட்டுப் போவார். மின்பலகைகள் இருக்கும் பின்பக்கப் பெட்டியின் சாவியை யாரிடமும் கொடுக்கமாட்டார்.

தொலைக்காட்சியில் செவ்வாய்க்கிழமைகளில் வந்த ஓர் ஆங்கிலத் தொடரை வைத்துச் செய்த இயந்திரம் அது. கடலில் தத்தளிப்பவர்களையும் மலையில் சிக்கியவர்களையும் ஹெலிகாப்டரில் போய் மீட்கும் நான்கு பேரின் கதை. ஹெலிகாப்டரை ஓட்டுபவள் ஒரு பெண். இயந்திரத்தின் மேல் கண்ணாடியில் நால்வரும் தலைமுடி பறக்க நின்றார்கள். பந்து சரிவில் ஏறினால் அந்தப் பெண்ணின் குரல் "கெட் இன்!" என்று கத்தும். பந்து கீழே விழுந்தால் "டூ லேட்" என்று அலுத்துக்கொள்ளும். கடை இரைச்சலில் தொடரின் வசனம் ஒன்றும் எங்களுக்குக் கேட்டதில்லை. கீழே ஓடும் மலாய் எழுத்துகளைப் படித்துத்தான் கதையைத் தெரிந்துகொண்டோம். அந்தப் பெண்ணின் குரலை அக்கா ஒழுங்காகக் கேட்டதே இயந்திரத்தில்தான். மீன் குழம்பு தீர்ந்த பிறகு வந்து உட்காருகிறவர்களைப் பார்த்து, கிளாங்கிலிருந்து வரும் லோரிக்கார அண்ணன் "டூ லேட்" என்பார். கடையே சிரிக்கும்.

அக்கா ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்ததும் கல்லாவில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பெண்களில் ஒருத்தி கடைக்கு வேண்டும் என்றார் அப்பா. அவள் மூத்தவள். நான் மின்னணுவியல் டிப்ளோமா படித்து, சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் சேர்ந்தேன்.

மூன்று மணிக்குக் கடை ஓயும். அப்போது அக்கா முந்தானை போல் தோளில் கிடக்கும் துண்டால் இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு விளையாட நிற்பாள். மற்றவர்கள் இடுப்பால் இடிப்பார்கள், பெட்டியை உலுக்குவார்கள், அது 'டில்ட்' என்று ஆட்டத்தைப் பூட்டி விளக்கணைந்து நிற்கும். அவள் விரல்கள் மட்டும்தான் அசையும். அதிகப் புள்ளி எடுத்தவர்கள் தங்கள் பெயருக்கு மூன்று ஆங்கில எழுத்துகளைப் பதிக்கலாம்; இயந்திரத்தில் ஓடும் அந்தப் பட்டியலில் முதலிடம் அவளுடையது.

"தங்கச்சி, மெதுவா லா. அந்த மிஷினுக்கும் வீட்டுல புள்ளகுட்டி இருக்கு" என்பார் லோரிக்கார அண்ணன்.

"ஒங்க லோரிய விட இது ஒழுங்கா ஓடுதுண்ணே."

அப்பா தேத்தண்ணி கலக்கும் இடத்தில் எங்களுக்கு முதுகு காட்டி நிற்பார். "பொம்பளப் புள்ள, பொட்டியத் தட்டிக்கிட்டு நிக்குது" என்று பலகாரக் கண்ணாடிப் பெட்டியிடம் சொல்வார். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அதில் கெட்டுப்போகக்கூடியவை எவை என்று வரிசைப்படுத்துவது என் பழக்கம். இதில் ரப்பர் வளையங்கள், பல்புகள், பந்தைத் தள்ளும் காந்தச் சுருள்கள், மின்சாரம் இல்லாதபோது பெயர்ப் பட்டியலைக் காக்க பின்பெட்டிக்குள் இருக்கும் பேட்டரிகள். முதல் மூன்றும் கெட்டால் உடனே தெரிந்துவிடும். பேட்டரி செத்தது தெரிய வேண்டுமானால் மின்சாரம் போக வேண்டும். மழை பெய்த ஒரு மாலையில் போனது. திரும்பி வந்தபோது, முதலிடத்தில் இருந்த அக்காவின் மூன்று எழுத்துகள் இல்லை. இயந்திரத்தைச் செய்த இடத்தில் யாரோ போட்டு அனுப்பிய எழுத்துகள் வரிசையாக ஓடின. அக்கா அன்று சாப்பிடவில்லை.

தவுக்கேயிடம் பேட்டரி மாற்றச் சொன்னேன். "ஓடுதுல்ல? ஓடுற மிஷின எதுக்குத் திறக்கணும்?" என்று மலாயில் கேட்டுவிட்டுப் போய்விட்டார். மின்சாரம் இருக்கும்வரை அதற்கு நினைவு இருக்கும் என்று அக்காவிடம் சொன்னேன். அதன் பிறகு அந்த இயந்திரத்தை யாரும் அணைக்கவில்லை. சுவரில் இருந்த சுவிட்சின் மேல் அவள் கறுப்பு டேப் ஒட்டினாள். பல மாதம் ஆடி, தன் பழைய புள்ளிக்கணக்கையும் தாண்டி, மறுபடி முதலிடத்துக்கு வந்தாள்.

அவளுக்கு டெங்கிலில் மாப்பிள்ளை அமைந்தது. தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு, தேங்காய் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த அப்பாவிடம் போய் நின்றாள்.

"அப்பா, நான் போனதும் இந்த மிஷின எடுக்கச் சொல்லிடாதீங்க."

"அது பாட்டுக்கு நிக்குது. யாரு எடுக்கச் சொன்னா?"

"தலை தீவாளிக்கு வரும்போது அவருக்குக் காட்டணும்."

"என்னத்தக் காட்டப் போற?"

"எம் பேர."

"சரிம்மா" என்றார் அப்பா. கடைப் பலகையில் அப்பாவின் பெயர் இருந்தது. கடையின் பின்கட்டில் இருந்த எங்கள் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ்கள் எல்லாம் என்னுடையவை. அவள் பெயர் எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அந்தப் பெட்டிதான்.

ஆவணியில் கல்யாணம் முடிந்தது. புரட்டாசியில் ஆயுத பூசை வந்தது. எங்கள் கடையில் அன்று மாவரைக்கும் கிரைண்டர், தராசு, அரிவாள்மனை, கல்லாப் பெட்டி, அப்பாவின் வேன் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்போம். அன்று முழுக்க அவற்றைத் தொடக்கூடாது. பின்போல் இயந்திரம் அந்தக் கணக்கில் வந்ததே இல்லை. அது தவுக்கேயின் பொருள், அதுவும் விளையாட்டுச் சாமான்.

ஷிப்டு முடிந்து நான் மாலையில் வந்தபோது, இயந்திரத்தின் இரண்டு பக்கமும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தது. ஹெலிகாப்டர் ஓட்டும் பெண்ணின் தலைக்கு மேல் செவ்வந்தி மாலை. விளக்குகள் ஒன்றும் எரியவில்லை.

"எலுமிச்சம்பழத்த எங்க வைக்கிறதுன்னு ஒங்கப்பா என்னைத்தான் கேட்டாரு" என்றார் லோரிக்கார அண்ணன். "டயர் இல்லாத வண்டிக்கு நான் எங்க போவேன்? நாலு காலுக்கும் நாலு வச்சிட்டோம்."

"அப்பா, இத ஓஃப் பண்ணீங்களா?"

"ஆமா. வருசம் பூரா அடி வாங்குதுல்ல? ஒரு நாளாச்சும் ஓய்வு வேணாமா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ போனதுலேருந்து யாரும் இதச் சரியாத் துடைக்கிறதே இல்ல."

சுவிட்சிலிருந்து எடுத்த டேப்பைக் கிழியாமல் கல்லாவின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தார். மின்சாரம் அறுந்து போனால்தான் பெயர் அழியும், கையால் மெதுவாக அணைத்தால் ஒன்றும் ஆகாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மறுநாள் சூடம் காட்டி அவரே சுவிட்சைத் தட்டினார், டேப்பைத் திரும்ப ஒட்டினார். பெட்டி பளிச்சென்று எரிந்தது. யாரோ முன்பின் தெரியாதவர்களின் எழுத்துகள் ஓடின. அப்பாவுக்கு ஆங்கில எழுத்து படிக்க வராது.

தீபாவளிக்கு இருபது நாள் இருந்தது. நான் ஆடத் தொடங்கினேன். பந்து எந்தக் கோணத்தில் வந்தால் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். சுருளுக்கு எவ்வளவு மின்னழுத்தம் போகிறது என்பதும் தெரியும். என் விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு சாயங்காலம் அப்பா பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"ஒனக்கு வரலம்மா. அவ நின்னா தோள் ஆடாது."

கடைசியில் என்னால் முடிந்தது நான்காவது இடம். அதில் அக்காவின் எழுத்துகளைப் போட்டேன். ஒன்றுமே இல்லாமல் இருப்பதற்கு இது மேல் என்று நினைத்தேன்.

தலை தீபாவளிக்கு வந்தவள், காலில் தண்ணீர் ஊற்றியது காய்வதற்குள், கணவரின் கையைப் பிடித்து இயந்திரத்திடம் அழைத்துப் போனாள். பெயர்கள் ஓடுவதற்காக இருவரும் காத்து நின்றார்கள். முதல் பெயர் வந்ததும் அவள் சிரிப்பு அப்படியே நின்றது. இரண்டு, மூன்று. நான்காவதாக அவள் எழுத்துகள் வந்தன. பக்கத்தில், அவள் வெறும் இரண்டு பந்தில் எடுத்துவிடக்கூடிய ஓர் எண்.

"நாலாவதா?" என்றார் அவர். "பரவால்லயே. கடை வேலையும் பாத்துக்கிட்டு." நல்ல மனிதர், நல்ல மனத்தோடுதான் சொன்னார்.

அக்கா அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அப்பா பலகாரத் தட்டோடு வந்துவிட்டார்.

"பாத்தியாம்மா? இந்த வருசம் ஒன் மிஷினுக்கும் பூசை போட்டேன். ஒரு நாள் முழுக்க ஓய்வு கொடுத்தேன்."

அவள் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்த சந்தனப் பொட்டைப் பார்த்தாள். சுருக்கம் விழுந்திருந்த டேப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அழிந்துவிட்டது என்பதுபோல் நான் தலையை அசைத்தேன்.

"பூவும் போட்டீங்களாப்பா?"

"போடாமயா? பெரிய மாலையா வாங்கிப் போட்டேன்."

"நல்லாருக்குப்பா" என்றாள்.

"ஒரு ஆட்டம் ஆடிக் காட்டேன்" என்றார் கணவர். அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நேராக இயந்திரத்தைப் பார்த்து நின்றார். "புதுச் சேலை, வேணாங்க" என்று சொல்லிவிட்டு அக்கா அம்மாவைத் தேடி உள்ளே போனாள்.

அந்த நான்காவது இடத்தை நான் போடாமல் இருந்திருக்கலாம். பெயரே இல்லையென்றால், கரண்டு போய் அழிந்துவிட்டது என்று கணவரிடம் சொல்லியிருப்பாள், அவரும் நம்பியிருப்பார். இருந்ததால் அதுதான் அவளுடைய கணக்கு என்று ஆகிவிட்டது. டெங்கிலில் இன்றும் அவர் விருந்தாளிகளிடம், என் மனைவி பின்போலில் நாலாவதாக வந்தவள் என்று பெருமையாகச் சொல்கிறார். அவள் திருத்துவதில்லை. திருத்தினால் அப்பா செய்ததையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த ஆண்டு தவுக்கே இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த இடத்தில் ஒரு குளிர்பானப் பெட்டி வந்தது. வெகு நாள் கழித்து ஒரு மத்தியானம், கடை ஓய்ந்த நேரத்தில், அப்பா தேத்தண்ணி கலக்கிக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு அவ ஏன் ஆடல?"

"புதுச் சேலைப்பா."

"ம்." பலகாரப் பெட்டியின் கண்ணாடியைத் துணியால் ஒரு துடை துடைத்தார். "அத்தன வருசமும் அவ ஆடுறத இந்தக் கண்ணாடியிலதான் பாத்தேன். ஒரு தடவ நேரா நின்னு பாக்கலாம்னு இருந்தேன்."