பாதாள ராஜாவும் பாதி மாதுளையும்

கேமிங் சென்டர் வைக்கிறவனுக்கு முதல்ல பொண்ணு கிடைக்காது; கிடைச்சாலும், ஆடிக்கு அம்மா வீடு போனவ ஆவணியில திரும்பி வர்றது அதைவிடப் பெரும்பாடு.

என் கடை வில்லாபுரத்துல, ஒரு காம்ப்ளக்ஸுக்கு அடியில இருக்கு. படி இறங்கி வரணும். வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. நாலு டிவி, நாலு கன்சோல், நெனச்சா ஓடுற ஒரு ஏசி. எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஆடியில, என் வீட்டுக்காரி கவிதாவை அவ அம்மா, அதாவது என் அத்தை, திருநகருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஊர் வழக்கம், நானும் சிரிச்சுக்கிட்டே பஸ் ஏத்திவிட்டேன். ஆடி முடிஞ்சுச்சு, ஆவணியும் முடிஞ்சுச்சு. மாமா எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே தவறிட்டதால அந்த வீட்டுல அத்தை மட்டும்தான். அனுப்ப மாட்டேன்னும் அவங்க சொல்லல, அனுப்பவும் இல்ல. பொண்டாட்டியை மாமியார் வீட்டுல விட்டுட்டு ஓட்டல் சாம்பாரைப் பிசைஞ்சுக்கிட்டிருக்கிற மகராசன்களே, இது உங்களுக்காக எழுதுறது.

செத்தா ஒரு விசாரிப்பு

அந்தச் சமயம் கடையில ஒரே ஒரு கேமுக்குத்தான் அடிபிடி. பெரிய கம்பெனி சரக்கு இல்ல, கொஞ்சப் பேர் சேந்து ஆசையாச் செஞ்சது. கிரேக்க நாட்டுப் புராணக் கதை. பாதாள ராஜாவோட மகன், பூமிக்கு மேல போயிட்ட அம்மாவைத் தேடித் தப்பிச்சு ஓடுறான். வழி நெடுக வெட்டுக்குத்து. செத்துட்டா ஆட்டம் முடியாது. பொத்துன்னு சொந்த வீட்டுலயே வந்து விழுவான். வீட்டு ஆளுக ஒவ்வொரு தடவையும் அவன்கிட்ட புதுசா ஏதாச்சும் பேசுவாங்க. வாசல்ல மூணு தலை நாய் ஒண்ணு, அதையும் தடவிக் கொடுக்கலாம். அப்புறம் மறுபடி கிளம்ப வேண்டியதுதான்.

தல்லாகுளத்துல வக்கீல் குமாஸ்தாவா இருக்கிற முருகேசண்ணன் கோர்ட்டு வேலை முடிஞ்சதும் நேரா இங்க வந்துருவாரு. குடும்பம் சொந்த ஊர்ல, இவருக்கு இங்க ஒத்தை ரூம். விளையாட்டுல நல்ல கை. ஆனா பாதி வழியில சும்மா நின்னு அடி வாங்கிச் சாவாரு. எனக்குப் பொறுக்கல. "ஏண்ணே, கொஞ்சம் ஒதுங்கியிருந்தா ஜெயிச்சிருக்கலாம்ல?"ன்னு கத்திட்டேன். மனுசன் திரையில இருந்து கண்ணை எடுக்காம சொன்னாரு: "ரூமுக்குப் போனா ஃபேன் சத்தம்தான் மாப்ள. இங்க செத்து வந்தாக்கூட, வந்துட்டியாப்பான்னு கேக்க நாலு பேரு இருக்காங்க."

டீச்சர் சொன்ன கதை

அன்னைக்கு வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறக்கையில அண்ணன் சொன்னது ஞாபகம் வந்துச்சு. என்னை ஒருத்தி "வந்துட்டீங்களா?"ன்னு கேட்டு எம்புட்டு நாளாச்சு! ஹாலுக்குள்ள நின்னு, "வந்துட்டேன்"னு நானே சொல்லிப் பார்த்தேன். சிரிக்காதீங்க, நீங்களும் சொல்லியிருப்பீங்க.

அந்த வாரம் மிஷன் ஸ்கூல் ஜெசிந்தா டீச்சர், கேம் விளையாட வந்த வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போக இறங்கி வந்தாங்க. சரித்திரம் எடுக்கிறவங்க. திரையைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்துட்டு, கேமுக்கு முந்தின கதையை ஆரம்பிச்சுட்டாங்க. பாதாள ராஜா ஒரு பொண்ணைக் கீழ கொண்டு போயிட்டானாம். அவளைப் பெத்தவ ஊர் ஊரா அலைஞ்சு, மகள் வராம பயிரு பச்சை ஒண்ணும் முளைக்காதுன்னு சாபம் விட்டாளாம். கடைசியில மகளை அம்மாகிட்ட அனுப்பச் சொல்லிப் பஞ்சாயத்து. ஆனா பொண்ணு பாதாளத்து மாதுளையில கொஞ்சம் முத்து தின்னுட்டா. அதைத் தின்னவங்க அங்கதான் இருக்கணுமாம். அதனால பாதி வருசம் கீழ புருசன்கிட்ட, பாதி வருசம் மேல அம்மாகிட்ட. "டீச்சர், இது ஆடிக்குக் கூட்டிட்டுப் போற கதைல்ல!"ன்னு நான் அலறிட்டேன். அவங்க வீட்டுக்காரர் கையில இருந்த ரிமோட்டைப் பிடுங்கி வச்சுட்டு டீச்சர் சொன்னது: "அந்தப் பாதாள ராஜா வருசா வருசம் ஆறு மாசம் பொறுத்திருக்காரு தம்பி. நீங்க ஒரு ஆடிக்கே இம்புட்டு அழுகுறீங்க."

திருநகர் லெவல்

அன்னையில இருந்து கடையில என் பேரு பாதாள ராஜா. இருக்கட்டும். ராஜா, ராணியைத் தேடி ஞாயித்துக்கிழமை தோறும் திருநகர் கிளம்பினாரு. முதல் தடவை கேட்டைத் தாண்டல. அத்தை வீட்டு நாய்க்குத் தலை ஒண்ணுதான், குரைக்கிறது மட்டும் மூணு தலைக்கு. அடுத்த தடவை பிஸ்கட்டோட போனேன். கேம்ல கத்துக்கிட்டதுதான், பரிசு கொடுத்தா மனசு இளகும். ஹால் வரைக்கும் போய் காபியும் குடிச்சேன். "கவிதாவை எப்ப அத்தே...?"ன்னு வாயெடுத்ததும், "உங்க கடை இருக்கிற அந்தப் பொந்துல வெயில் படுமா மாப்ள?"ன்னு ஒரே வெட்டு. ஆள் அவுட். வில்லாபுரத்துல வந்து விழுந்தேன்.

அதுக்கு அடுத்த தடவை பெரிய மாதுளம்பழமா ஒண்ணு பார்த்து வாங்கிட்டுப் போனேன். ஆமா, கதையை நம்பித்தான். டீச்சர் சொன்ன கதையையும் என் கிறுக்கையும் கவிதாகிட்ட போன்ல ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அடுப்படிக்கே போய்ப் பழத்தைக் கொடுத்தேன், வாங்கி வச்சுட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தா. "எனக்கு மட்டும் இங்க இருக்க ஆசையா? அம்மா என்கிட்டப் பேசிக்கிட்டேதான் தூங்குறாங்க, நான் வந்துட்டா யாருகிட்டப் பேசுவாங்க?"ன்னு கேட்டா. பஸ் வந்துருச்சு. ஏறினவனைப் பார்த்து அவ சொன்னா: "இன்னைக்கு அடுப்படி வரைக்கும் வந்துட்டீங்க. அடுத்த வாரமும் வாங்க, விட்டுறாதீங்க."

அத்தை இறங்கி வந்த நாள்

ஐப்பசி மழை கொட்டி ஓய்ஞ்ச சாயங்காலம். கடைக்குள்ள வந்த தண்ணியை நான் தள்ளிக்கிட்டிருக்கேன், மேல் படியில ஒரு குடை. குடைக்குள்ள கவிதா, கவிதா கையைப் பிடிச்சுக்கிட்டு அத்தை. முருகேசண்ணன் பதறி எந்திரிச்சு இடம் விட்டாரு. அந்தப் பதட்டத்துல திரையில அவர் ஆள் செத்து வீட்டுல விழுந்தான். "யாரு இந்தப் பய, எதுக்கு இப்படி ஓடுறான்?"ன்னு அத்தை கேட்டாங்க. "அம்மாளைத் தேடி"ன்னேன். குடையை மடக்கிட்டுத் திரைப் பக்கம் குனிஞ்சாங்க. "மகன் அம்மாளைத் தேடுறான், சரி. மகளைத் தேடி அலைஞ்சாளாமே ஒருத்தி, இவ சொன்னா. அவளுக்கு ஒரு கேம் போடலையா மாப்ள?"

"இல்லத்தே"ன்னேன். அம்புட்டு நாளா அத்தை மேல எனக்குக் கோபம்தான். அவங்க குரலைக் கேட்டதும் அது போன இடம் தெரியல. கவிதாவும் இங்க வந்துட்டா, அப்புறம் "சாப்பிட்டியாம்மா?"ன்னு கேக்க அந்த வீட்டுல யாரு இருக்கா? அத்தை கண்ணைத் துடைச்சுக்கிட்டு, கொஞ்சம் மிடுக்காவே என்னைப் பார்த்தாங்க: "மாதுளை தின்னவ பாதாளத்துலதான் இருக்கணுமாமே. நீங்க வாங்கிட்டு வந்ததுல இவ பாதியைத்தான் தின்னா, மீதியைத் தின்னது நான். இப்ப என்னை என்ன செய்யப் போறீங்க மாப்ள?"

ஆகவே, ராணியைப் பிரிஞ்சு ஏங்கிக் கிடக்கிற பாதாள ராஜாக்களே, மாதுளம்பழம் வாங்கப் போறப்ப அப்படியே மாமியாருக்குன்னு ஒரு கட்டிலுக்கும் விலை விசாரிச்சு வச்சுக்கோங்க.