தொண்டையில் இருந்த பழங்கள்

கோழிக்கடையில் கறி வெட்டுகிறவருக்குத் தெருவில் ‘பூனை’ என்று பேர். யாராவது குரலை உயர்த்தினாலே சத்தமில்லாமல் நழுவிவிடுவார்.

ஒருநாள் மத்தியானம், கூட்டம் ஓய்ந்திருந்தபோது, மனைவியின் அண்ணன் ஒரு சாக்கைக் கொண்டுவந்து பலகையில் போட்டார்.

“மாப்ளே, சீக்கிரம் சுத்தம் பண்ணிக் குடு. ஆள் காத்திருக்கு.”

சாக்கிலிருந்து சரிந்தது ஓர் இருவாச்சி, பெரிய அலகுள்ள காட்டுப்பறவை. அதைச் சுட்டால் ஜெயில் என்பது ஊருக்கே தெரியும். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கழுத்தில் கத்தியை வைத்தார். தொண்டையிலிருந்து அத்திப்பழங்கள் உருண்டு விழுந்தன, ஒன்றுகூட நசுங்காமல்.

அவை யாருக்கென்று அவருக்குப் புரிந்துவிட்டது. இருவாச்சியில் பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு குஞ்சு பொரிக்கும். சிறு பிளவு வழியாக ஆண் ஊட்டுவதுதான் சாப்பாடு. இது ஆண்; ஊட்டத்தான் பழங்களை எடுத்துப் போயிருக்கிறது.

“எங்க சுட்டீங்க மச்சான்?”

“ஓடைக்கு மேல, பழைய மரக்கிடங்குகிட்ட. ஏன் கேக்கற?” மச்சான் கண்ணைச் சுருக்கினார். “வெளியில மூச்சு விட்டா, தங்கச்சி புருஷன்னு பார்க்க மாட்டேன்.”

வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி விடாமல் துருவியதும் சொல்லிவிட்டார்.

“அண்ணனை உள்ள தள்ளிட்டா அம்மா என் முகத்துல முழிக்க மாட்டாங்க,” என்றாள். பிறகு மெதுவாக, “பொந்துல குஞ்சு இருக்குமாங்க?”

“இருக்கும்னுதான் தோணுது.”

“அப்ப போங்க. நானும் வரேன்.”

மறுநாள் வனக்காவலரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவரோடு ஓடைக்கு மேலே ஏறினார்கள். சுள்ளி முறிந்தாலும் மச்சானின் துப்பாக்கிதான் என்று பூனைக்கு உடம்பு தூக்கிப்போட்டது. அடியில் எச்சமும் கொட்டைகளும் குவிந்த மரத்தைக் கண்டுபிடித்தார்கள். காவலர் கயிறு போட்டு ஏறி, கம்பு நுனியில் பழத்தைக் குத்திப் பிளவருகே நீட்டினார். அசைவே இல்லை. வெகுநேரம் கழித்து ஓர் அலகு நுனி வெளியே வந்து பழத்தைப் பற்றியது. உள்ளே குஞ்சு கீச்சென்று கத்தியது.

அந்த வாரமே மச்சான் துப்பாக்கியோடு பிடிபட்டார். மாமியார் வீட்டு வாசல் மூடிக்கொண்டது. தாயும் குஞ்சும் பொந்தின் அடைப்பை உடைத்து வெளியேறும்வரை வனக்காவலர்கள் ஆள் மாற்றி ஆள் ஊட்டினார்கள். பூனையும் போனார், திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே.

ஜெயிலிலிருந்து வந்த மச்சான் நேரே கடைக்கு வந்தார். பலகைக்கு முன்னால் நின்றார். பூனை கத்தியைக் கீழே வைத்தார்.

“தங்கச்சி சௌக்கியமா?”

“ம்... சௌக்கியம்.”

அதைக் கேட்டுவிட்டு மச்சான் போய்விட்டார். ஏன் வந்தார் என்று இன்றுவரை பூனைக்குப் புரியவில்லை. கடை முன்னால் ஏதாவது வண்டி நின்றால், வெட்டுவதை விட்டுவிட்டு முதலில் யாரென்று எட்டிப் பார்க்கிறார்.