கெடாத உடம்பு

இது என் கண் முன்னால் நடந்தது. அதுவும் பட்டப்பகலில், வண்டியூரில். கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் பரவை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் என் ஷெட்டுக்கு வாருங்கள். அந்தப் பெட்டியையே காட்டுகிறேன். சொல்லப் பயமில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் பெயர் அருள்பாண்டி. சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவன். போன சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, திவ்யா என்ற இருபது வயதுப் பெண்ணுக்காகப் பெட்டி கொண்டுபோனேன். கிட்னி கெட்டு இறந்தவள். அப்பா இல்லை. அம்மா அன்னக்கொடி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இதுல வச்சா உறைஞ்சிரும்ல?"

திவ்யாவின் அண்ணன் அழகுபாண்டிக்கு வெளிநாட்டில் வேலை. அங்கே ஒரு கம்பெனி செத்தவர்களை உறைய வைத்துப் பாதுகாக்கிறதாம். என்றைக்காவது நோய்க்கு மருந்து வந்தால் எழுப்பிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. ஆஸ்பத்திரியில் கிடந்த தங்கச்சியிடம் இதைப் போனில் சொல்லியிருக்கிறான். அவளும் அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "என்னைய எரிச்சுராதம்மா." வியாழக்கிழமை அண்ணன் வந்து உடம்பைக் கொண்டுபோவதாக ஏற்பாடு. அதுவரை கெடக் கூடாது.

என் பெட்டி உறைய வைக்காது. இரண்டு மூன்று டிகிரியில் வைத்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"கல்லு மாதிரி உறைஞ்சிரும்க்கா," என்றேன்.

மறுநாள் பெட்டியைப் பார்க்கப் போனபோது, திவ்யாவின் தாய்மாமன் நல்லகாமன் என்னைப் பந்தலுக்கு வெளியே இழுத்துப் போனார்.

"சாயங்காலம் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. பொணம் தெருவுல கெடந்தா எப்புடிப்பா சாமி கும்புடுறது? எங்கக்கா சொன்னாக் கேக்காது. நீ பிளக்கப் புடுங்கி விட்ரு. கெட்டுப்போச்சுன்னா அதுவே எடுக்கச் சொல்லிரும்."

"பாவம்ண்ணே."

"செத்தது எந்திரிக்குமாடா?"

எழுந்திரிக்காது என்றுதான் நானும் நினைத்தேன்.

மதியம் 12.05. அக்கா வீட்டுக்குப் பின்னால் மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். மற்றவர்களை நல்லகாமன் சாப்பிட அனுப்பிவிட்டார். பெட்டிக்குப் பக்கத்தில் நான் மட்டும். பிளக்கைப் பிடுங்கினேன். டிகிரி காட்டும் சிவப்பு எண் அணைந்தது. மோட்டார் நின்றது.

12.09. ம்ம்ம்ம்...

மோட்டார் மறுபடி ஓடியது. பிளக் என் கையில்தான் இருந்தது. பெட்டியில் பேட்டரி கிடையாது.

சிவப்பு எண் எரிந்தது. 3... 0... மைனஸ் 6... என் பெட்டி மைனஸுக்குப் போய் நான் பார்த்ததே இல்லை.

12.12. மைனஸ் 20.

உள்ளே 'சட்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன். அவள் கழுத்து மாலையில் ஒரு ரோஜா இதழ் உடைந்திருந்தது. சட்... சட்... ஒவ்வொன்றாக.

இமை முடியில் வெள்ளையாகப் பனி.

கண்ணாடியைத் தொட்டேன். விரல் ஒட்டிக்கொண்டது.

இழுத்தேன்... தோல் பிய்ந்தது.

அவள் உறைந்துகொண்டிருந்தாள்...

"என்ன தம்பி?"

அன்னக்கொடி அக்கா. மோட்டார் சட்டென்று நின்றது. பிளக்கைக் கீழே போட்டுவிட்டேன். கண்ணாடி முழுக்க வேர்த்து, உள்ளே எதுவும் தெரியவில்லை. அக்கா கண்ணில் பட்டது வழிகிற தண்ணீர் மட்டும்தான்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பிளக்கைப் பிடுங்கியதும் தெரிந்துவிடும். பேய் பிடித்த பெட்டி என்று மதுரை முழுக்கப் பேசுவார்கள், அப்புறம் யார் என்னைக் கூப்பிடுவார்கள்? பெற்றவள் எதிரே நிற்கும்போது என் புத்தி போனது அங்கேதான்.

"ஒடம்பு தண்ணி விட்டிருச்சுக்கா. இனித் தாங்காது."

அக்கா அழவில்லை. "அப்ப எடுத்துருங்க," என்றார். அப்படியே சரிந்தார்.

அவரை உள்ளே தூக்கிப் போனார்கள். நல்லகாமன் எல்லோரையும் அவசரப்படுத்தினார். உடம்பைப் பாயில் சுற்றித் தூக்கிய ஒருவர் கையை உதறினார். "என்னய்யா இம்புட்டுக் குளுருது?"

"பெட்டிக் குளுருண்ணே," என்றேன்.

2.40க்கு மின்மயானத்துக்கு வண்டி கிளம்பியது. சாயங்காலம் காப்புக் கட்டினார்கள்.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தார்.

"தம்பி, மகன் வந்து மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கிறான். நெசமாவே கெட்டுப்போச்சுல்ல? உங்க வாயால ஒருக்காச் சொல்லிருங்க."

"கெட்டுப்போச்சுக்கா."

அடுத்த வாரம் வேறொரு சாவுக்காக மின்மயானம் போயிருந்தேன். அங்கே வேலை பார்க்கும் முத்திருளன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வண்டியூர்ப் புள்ளைக்கு என்ன பெட்டிப்பா குடுத்த? அந்த வெயில்ல வந்த ஒடம்பு... பாய அவுத்தா பாளம் பாளமா ஐஸு. முக்கா மணி நேர வேலை. நாலு மணி நேரம் ஆச்சு."

தோல் பிய்ந்த விரலை மடக்கிக்கொண்டேன்.

"ஒரு மணி நேரம் கழிச்சு எட்டிப் பாத்தேன். தீக்குள்ள அப்புடியே கெடந்துச்சு. ஒரு பொட்டுக் கெடலப்பா. இப்பத்தான் கண்ணு முழிச்ச மாதிரி இருந்துச்சு."