மஸ்கிக்கு ஒரு சாட்சி

நியூ ஜெர்சியை விட்டுப் போவதற்குமுன் ஒரே ஒரு மஸ்கி மீனையாவது பிடித்துவிட வேண்டும் என்பது என் மனைவியின் தம்பிக்கு இருந்த ஆசை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கம்பெனி அவரை ஹூஸ்டனுக்கு மாற்றியிருந்தது. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங்குக்குள் குடும்பத்தோடு அதன் புறநகரான பேர்லேண்டில் குடியேறியாக வேண்டும். மஸ்கி குளிர்ந்த நீரில் வாழ்வது. அங்கே போனபின் அதற்கு வழியில்லை. நீண்ட உடலும் முதலையை ஒத்த வாயும் கொண்ட அந்த மீன், நாள் முழுக்கத் தூண்டில் வீசினாலும் பெரும்பாலும் கண்ணில்கூடப் படாது. இலையுதிர்காலத்தில் ஏரி குளிரத் தொடங்கும்போதுதான் அதற்குப் பசியெடுக்கும் என்பார்கள்.

அந்தப் பருவம்தான் எங்கள் ஆட்களுக்கு இடைஞ்சல். அவ்வளவு பெரிய மீனைப் படகில் தனியாளாகக் கையாள்வது கடினம். வலை பிடிக்க இன்னொருவர் வேண்டும். மைத்துனரின் நண்பர்கள் புரட்டாசி முழுவதும் மீன் என்ற பேச்சையே எடுக்கமாட்டார்கள். கார்த்திகை பிறந்தால் பாதிப்பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார்கள். எஞ்சியது ஐப்பசி. அதிலும் தீபாவளி, கந்த சஷ்டி விரதம், சங்க விழாவுக்கான ஒத்திகை. இப்படியே முந்தைய சில இலையுதிர்காலங்கள் கழிந்திருந்தன. பஞ்சாங்கம் பார்த்து மஸ்கிக்கு நாள் குறித்தவர்கள் அந்த மாநிலத்தில் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம்.

கடைசியில், ஒரே ஒரு சனிக்கிழமை மிஞ்சிய நிலையில், அவர் என்னிடம் வந்தார். நான் பிறவிச் சைவன். அப்போது எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். கோயில் கட்டுமானக் குழுவிலும் இருந்தேன். என் வீட்டில் முட்டை நுழைந்ததில்லை என்பது பலரும் அறிந்த செய்தி. அவர்கள் அதை அறிந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

"அத்தான், நீங்க மீனைத் தொடவே வேணாம். நெட்டை மட்டும் புடிங்க."

"சாப்பிடறதுக்கா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. புடிச்சு, பாத்து, ரிலீஸ் பண்ணிடுவோம். தரிசனம்னு வச்சுக்கங்களேன்."

காதுவரை கம்பளிக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு வாடகைப் படகின் பின்பலகையில் அமர்ந்தேன். கரையோர மேப்பிள் மரங்கள் ஏறக்குறைய மொட்டையாகிவிட்டிருந்தன. மைத்துனர் மரத்தாலான ஒரு பொய்மீனைத் தொலைவில் வீசுவதும் இழுப்பதுமாக இருந்தார். அது படகருகே வந்ததும் வெளியே தூக்கிவிடவில்லை. ஒவ்வொரு முறையும் கோலின் நுனியை நீருக்குள் ஆழ்த்தி, எட்டு என்ற எண்ணை வரைந்தார். மஸ்கி சத்தமின்றிப் பின்தொடர்ந்து வந்து, கடைசி நொடியில்தான் மனம் வைக்குமாம்.

"ஆர்டிஓ ஆபீஸ்லகூட நீ இத்தனை எட்டு போட்டிருக்க மாட்ட, தம்பி" என்றேன்.

"அங்க ஒரே எட்டுதான் அத்தான். அதுலயும் ரெண்டு வாட்டி கால ஊனிட்டேன்" என்று அவர் சிரித்துக்கொண்டிருந்தபோதே நீர் வெடித்தது. கோல் வில்லாக வளைந்தது.

"அத்தான், நெட்! தலைப்பக்கம் விடுங்க! தலைப்பக்கம்!"

மண்டியிட்டு, இரு கைகளாலும் வலையை நீட்டினேன். மீன் உள்ளே வந்து விழுந்தபோது அதன் கனம் என் தோள்வரை ஏறியது. பழுப்புப் பச்சை உடலில் கருந்தாரைகள். ஒரு செவுளுக்குப் பின்னால் பழைய காயத்தின் வெள்ளைத் தழும்பு. அவர் குறடால் கொக்கியைக் கழற்றினார். என் சட்டைக் கையெல்லாம் மீனின் வழவழப்பு.

"கேமரா எங்க?"

"கொண்டு வரல அத்தான்."

"மறந்துட்டியா?"

"மறக்கல. போட்டோன்னு ஒண்ணு இருந்தா, எடுத்தது யாருன்னு கேப்பாங்க. உங்களுக்கு எதுக்கு வம்பு?"

நான் சட்டைக் கையை ஏரி நீரில் அலசினேன். அவர் மீனின் வாலடியைப் பற்றி நீரில் நிறுத்திவைத்திருந்தார். அதற்குத் தெம்பு வந்ததும் ஒரே வீச்சில் மறைந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை, பள்ளிக்கூட அரங்கில் தீபாவளி விழா. அதிலேயே அவருக்கு வழியனுப்பு. மேடையோரம் அவர் கைகளை விரித்து மீனின் நீளத்தைக் காட்டினார். நண்பர்கள் விடவில்லை.

"டேய், கையைக் குறைச்சுக்கடா, சுவத்துல இடிக்குது!"

"போட்டோ இல்ல, சரி. விட்னஸ் யாரு?"

"தனியாத்தான்டா போனேன்" என்றார். என் பக்கம் திரும்பவேயில்லை. நான் ஒலிவாங்கியின் அருகே பொன்னாடையோடு நின்றிருந்தேன். அவருடைய சங்கப் பணிகளைச் செந்தமிழில் விரிவாக எடுத்துரைத்தேன். நல்ல கைதட்டல்.

சில ஆண்டுகள் கழித்து, பணி ஓய்வுக்குப் பின், பேர்லேண்டுக்குப் போயிருந்தேன். கோயிலின் உணவுக்கூடத்தில் புதிய நண்பர்களிடம் அவர் அதே கதையைத் தொடங்கினார். "டாட், நாட் தி ஃபிஷ் அகெய்ன்!" என்று மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். அங்கும் அதே கேள்வி: யார் பார்த்தது?

நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"அது நிஜம். வலை புடிச்சது நான்தான்."

சிரிப்பில் மேசையே குலுங்கியது.

"அங்கிள், நீங்களுமா! மச்சானைக் காப்பாத்த இப்படியா? எக் போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டீங்கன்னு இவரே சொல்லியிருக்காரே!"

குளிரைச் சொன்னேன், எட்டைச் சொன்னேன், செவுளுக்குப் பின்னால் இருந்த தழும்பைச் சொன்னேன். சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடியது. "தழும்பு வேறயா! அங்கிள் சூப்பரா டெவலப் பண்றாரு" என்றார் ஒருவர்.

"விடுங்க அத்தான். புளியோதரை இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றார் மைத்துனர். அவர் குரலில் குறையேதும் இல்லை. எனக்குப் பரிமாறிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மீண்டும் கைகளை விரித்தார்.

மீன் அதைவிடப் பெரியது. கேலிக்குப் பயந்து அவர் கைகள் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகியிருக்க வேண்டும்.