கீழே இருக்கும் ஊர்

வெள்ளிமலையில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். காய்த்துப்போன கைகள், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. மலைச்சாலை வளைவுகளில் நான் கம்பியை இறுகப் பிடித்தேன். அவர் பிடிக்கவே இல்லை. "எங்கம்மா?" என்று கேட்ட கண்டக்டரிடம் "கீழ" என்றார். மலைக்காரர்களுக்குக் கள்ளக்குறிச்சியும் கீழேதான், சென்னையும் கீழேதான்.

துபாய் விசாவுக்குப் போட்டோ எடுக்கப் போவதாகச் சொன்னார். மகன் அங்கே கட்டட வேலை செய்கிறான்; ஊருக்கு வந்து பல வருடமாகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் கூப்பிட்டான். போனைக் காதில் வைக்காமல், ஸ்பீக்கர் போட்டு உள்ளங்கையில் கிடத்தி, அதைப் பார்த்தே அவர் பேசியதால் எனக்கும் எல்லாம் கேட்டது.

"உலகத்துலயே ஒசரமான கட்டடம் இங்கதாம்மா கீது. உன்ன உச்சிக்கு இட்டுக்கினு போறேன்."

"மேலேர்ந்துதானடா எறங்கி வரேன்? மறுபடி எதுக்கு மேல? நீ படுக்கற எடத்தக் காட்டு."

"அது ஆம்பளைங்க தங்கற ரூமும்மா. உள்ள வுடமாட்டாங்க."

"வாசல்லயே நிக்கறேன். எந்தக் கட்டிலுன்னு கை காட்டு."

"அதுல இன்னாம்மா கீது பாக்க?"

"முடியாதுன்னா சொல்லிடு. போட்டோ எடுக்காம இதே பஸ்ல வூட்டுக்குத் திரும்பிடறேன்."

பஸ் அடுத்த வளைவில் திரும்பியபோது, "சரி, வாம்மா" என்றது குரல்.

கள்ளக்குறிச்சியில் இறங்கியதும், "ஸ்டுடியோ எந்தப் பக்கங்க?" என்று கேட்டுக்கொண்டு வேகமாக நடந்தார். துபாய்க்குப் போய்வந்த பலரிடம் பேசியிருக்கிறேன். அந்தக் கட்டடத்தின் உயரத்தை எல்லாரும் சொன்னார்கள். கட்டட வேலைக்காரன் தூங்கும் கட்டிலைப் பார்க்கக் கிளம்பியவர், எனக்குத் தெரிந்து, அவர் ஒருவர்தான்.