அத்தை பிடித்துத் தந்த ஜன்னல்

எனக்குப் பாசஞ்சர் வண்டிப் பைத்தியம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எந்த வேலையும் இல்லாமல் தஞ்சாவூர் ஸ்டேஷனுக்குப் போய் நாகூருக்கு ஒரு டிக்கெட் எடுப்பேன். ஊர் ஊராக நின்று, எதிர் வண்டிக்கு வழிவிட்டு, ஆடி அசைந்து அது போய்ச் சேரும் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாகூரில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பி வந்துவிடுவேன். வீட்டுக்காரர் என்னை ரயில்வே மினிஸ்டர் என்று கூப்பிடுகிறார். கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

அப்பாவுக்குப் பிறகு அத்தை எங்களோடுதான் இருக்கிறாள். அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது ஹாலில் டிவி பார்த்தபடியே ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

“ஜன்னல் சீட்டு கெடச்சுதா?”

“கெடச்சுது அத்தை.”

அதோடு பேச்சு முடிந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு அது பிரியமான விசாரிப்பு. என் வீட்டுக்காரர்கூட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் மட்டும் ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. கீழ்வேளூரில் இருந்தோம். அத்தைக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது. சிறுவயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இடது கால் சூம்பிவிட்டது. நடந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும், உட்கார்ந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. களையான முகம், நீளமான தலைமுடி. அப்பா இதையெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பெண் பார்க்க வருகிறவர்களை வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. வீட்டில் என்றால் பெண் காபித் தட்டோடு நடந்து வரவேண்டுமே. ரயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிடுவார். அந்தக் காலத்தில் கோயிலிலோ ரயிலிலோ தற்செயல்போலப் பெண் பார்ப்பது சாதாரணம் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. முகம் பிடித்துப்போனால் காலைப் பற்றிப் பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அப்பாவின் கணக்கு. யாருக்கும் விகல்பமாகத் தோன்றாமலிருக்க, கூடவே ஒரு குழந்தை வேண்டும். அந்தக் குழந்தை நான்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ரயில்தான். தஞ்சாவூர் போகிற வண்டி கீழ்வேளூரில் இரண்டு நிமிஷம் நிற்கும். அந்த இரண்டு நிமிஷத்தில் அத்தையால் உயரமான படியில் ஏற முடியாது. அதனால் பஸ் பிடித்து, போகவேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் நாகப்பட்டினத்துக்குப் போவோம். வண்டி அங்கேதான் கிளம்பும். அரை மணி நேரம் முன்னாலேயே காலியாக நிற்கும். அப்பா அத்தையைக் கைகொடுத்து ஏற்றிவிடுவார். நான் முன்னால் ஓடி எனக்குப் பிடித்த ஜன்னலைப் பிடிப்பேன். என்ஜின் கரி கண்ணில் விழும். அத்தை முந்தானை நுனியை வாயில் வைத்து ஊதிச் சூடாக்கி என் கண்ணில் ஒற்றி எடுப்பாள். கீழ்வேளூர் வரும்போது பிளாட்பாரத்தில் முண்டியடிக்கிறவர்களை மகாராணி மாதிரி உள்ளேயிருந்து பார்ப்பேன்.

இப்படி நான்கு தடவை போய்வந்தாகிவிட்டது. ஒருவருக்கு நிறம் போதவில்லை. ஒருவருக்கு ஜாதகம் சேரவில்லை. ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர் கால் விஷயம் தெரிந்ததும் விலகிக்கொண்டார். அத்தை ஒவ்வொரு முறை வேண்டாதவளாகும்போதும் எனக்கு இன்னொரு ரயில் பயணம் கிடைத்தது. அடுத்தது எப்போது என்று அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வரன் திருவாரூர். உரக்கடை வைத்திருந்தார். நாகப்பட்டினத்துக்குப் போகும் பஸ்ஸில் அப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார். இது அநேகமாகத் தகைந்துவிடும், தகைந்துவிட்டால் உனக்கு இனிமேல் ரயில் கிடையாது என்று என் கன்னத்தைக் கிள்ளினார். அத்தை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திருவாரூரில் மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா மூன்று பேரும் ஏறினார்கள். ஆண்கள் அடுத்த தடுப்பில் உட்கார்ந்து உர விலை பேச ஆரம்பித்தார்கள். அந்த அம்மாள் எங்கள் எதிரில் உட்கார்ந்தாள். குளிக்கரை தாண்டுவதற்குள் அத்தையை அவளுக்குப் பிடித்துவிட்டது. என்ன படித்திருக்கிறாய், கோலம் போடுவாயா என்றெல்லாம் கேட்டாள். அத்தை சொன்ன பதிலுக்கெல்லாம் அந்த அம்மாள் தலையாட்டினாள். மாப்பிள்ளை ஒரு தடவை எழுந்து வந்து, படித்து முடித்த வாரப் பத்திரிகையை அத்தையிடம் நீட்டி, படிக்கிறீங்களா என்று கேட்டார். அத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு அவள் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. அவ்வளவு அழகாக நான் அவளை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கொரடாச்சேரியில் கூட்டம் ஏறியது. நிற்கிறவர்களைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

“ஏம் பாப்பா, நீங்க கீழ்வேளூராச்சே. இந்தக் கூட்டத்துல உனக்கு மட்டும் எப்படி ஜன்னல் சீட்டு கெடச்சுது?”

இப்படி ஒருவர் கேட்கமாட்டாரா என்றுதான் நான் காத்திருந்தேன்.

“கீழ்வேளூர்ல வண்டி ரெண்டு நிமிஷந்தான் நிக்கும். அதுக்குள்ள அத்தையால ஏற முடியாது. அதனால எப்பவும் நாகப்பட்டினத்துக்கே போயி ஏறிடுவோம்.”

அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அத்தையின் புடவைக் கொசுவத்துக்குக் கீழே பார்த்தாள். அத்தை பாதங்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். குரல் கொஞ்சமும் மாறாமல் அந்த அம்மாள் சொன்னாள்.

“ரொம்பப் புழுக்கமா இருக்கும்மா. கொஞ்சம் எழுந்து அந்த ஃபேனப் போடேன்.”

ஃபேன் சுவிட்ச் நடைபாதைப் பக்கம் இருந்தது. மூன்று எட்டு வைத்தால் போதும். பத்திரிகையை மடித்துப் பெஞ்சில் வைத்துவிட்டு அத்தை எழுந்தாள். ஓடுகிற வண்டியில் எல்லாருமே தள்ளாடித்தான் நடப்பார்கள். ஆனால் அவள் எழுந்த நேரம் பார்த்து வண்டி ஏதோ சிக்னலுக்காக நின்றுவிட்டது. ஆடாத வண்டியில் சாய்ந்து சாய்ந்து நடந்துபோய் சுவிட்சைப் போட்டாள். ஃபேன் ஓடவில்லை. திரும்பவும் அதே மூன்று எட்டு வைத்து வந்து உட்கார்ந்தாள்.

நீடாமங்கலத்தில் அந்த மூவரும் டீ குடிக்க இறங்கினார்கள். இறங்கும்போது அந்த அம்மாள் பத்திரிகையை எடுத்துக்கொண்டாள். வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்கள்போல, திரும்பி வரவில்லை.

தஞ்சாவூர் பிளாட்பாரத்தில் அப்பா அவர்களைத் தேடி இரண்டு முனைக்கும் நடந்தார். பிறகு எங்கள் முன்னால் வந்து நின்று, என்ன பேசினீர்கள் என்று அத்தையைக் கேட்டார். நான் சொன்னதில் ஏதோ தப்பாகிவிட்டது என்று தெரிந்தது. அப்பாவுக்குத் தெரிந்தால் என்னை இனி ரயிலில் ஏற்றமாட்டார் என்பது அதைவிட நன்றாகத் தெரிந்தது. அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“நான்தாண்ணே சொன்னேன். கால் இப்படின்னு.”

அப்பா நடுப் பிளாட்பாரத்தில் அவளைக் கன்னாபின்னாவென்று திட்டினார். திமிர் என்றார். ஊர் ஊராக அலைகிற தன்னைக் கிறுக்கனாக்கிவிட்டாள் என்றார். அவள் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று பிற்பாடு எத்தனையோ முறை எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். வாயைத் திறக்காமல் இருப்பதில் எனக்கு என்ன லாபம் என்பது அந்த ஏழு வயதிலேயே தெரிந்திருந்தது. அந்தச் சமாதானம் ஒட்டவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம் சொன்னார், “அவளுக்கே கல்யாணம் வேணாங்கிறப்ப நான் எதுக்கு நாயா அலையணும்?” அதன் பிறகு அவர் ஒரு வரன்கூடப் பார்க்கவில்லை. அப்பா கோபத்தில் இருக்கிறார் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் அது கோபமே இல்லை. கழற்றிவிட ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தவருக்கு அத்தை தன் வாயாலேயே கொடுத்துவிட்டாள். அவர் நிம்மதியாக இருந்திருக்கிறார். அத்தை எங்கள் வீட்டுக்குச் சமைத்தாள், என் தம்பியை வளர்த்தாள், கடைசியில் படுத்த படுக்கையான அதே அண்ணனுக்குப் பீ மூத்திரம் அள்ளினாள். நான் உண்மையைச் சொல்ல ஆயிரம் சந்தர்ப்பம் இருந்தது. அவர் சாகும்வரை சொல்லவில்லை.

வரன் இல்லாவிட்டால் ரயிலும் இல்லை. அது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது. தேம்பித் தேம்பி அழுதேன், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் எல்லாரும் நான் அத்தைக்காக அழுகிறேன் என்று நினைத்தார்கள். குழந்தைக்கு எவ்வளவு பாசம் பாருங்கள் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிப் பூரித்துப்போனாள்.

அத்தைக்கு மட்டும் விஷயம் தெரியும். அன்று கொல்லைப்புறத்தில் என்னை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். அழாத, பெரியவளானதும் நீயே தனியா ரயில்ல போய்க்கலாம் என்றாள். எனக்கு அதுவும் ஆறுதலாக இல்லை.

“நீ வந்தாத்தானே நாகப்பட்டினத்துக்குப் போயி ஏறுவோம். நீ வரலன்னா எனக்கு யாரு ஜன்னல் சீட்டு பிடிச்சுத் தருவா?” என்று கேட்டேன்.

சீப்பு என் தலையில் அப்படியே நின்றது. பிறகு மறுபடி சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.