வசந்தா டாக்டரின் கேள்விகள்

டொராண்டோவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தங்கியிருக்கும் மார்கரெட் தினமும் காலையில் என் பெயரைக் கேட்கிறார். "ஸ்டெல்லா" என்றால், முதன்முறை கேட்பவர்போல் மகிழ்ந்து கைகுலுக்குகிறார். மறதி நோய் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் கேலி செய்வதில்லை. எண்பதுகளில், சென்னையை ஒட்டிய எங்கள் அண்ணனூர்த் தெருவில் இதற்குக் குடி என்று பெயர்.

அப்பா மின்சார ரயில் பணிமனையில் ஃபிட்டர். சாராயத்தைத் தொட்டதே இல்லை. வேலைக்குக் கிளம்பியவர் வாசலிலேயே திசை தெரியாமல் நிற்க ஆரம்பித்தார். "இன்னா நைனா, காலங்காத்தாலயே ஏத்திக்கினியா?" என்று தெரு சிரித்தது. அம்மா வெட்கத்தில் மாதா கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான் வசந்தா டாக்டர் வந்தார். நகரத்து ஆஸ்பத்திரியில் வைத்தியமும் பார்த்துக்கொண்டு, மூளை எப்படித் தேய்கிறது என்று ஆராய்ச்சியும் செய்தவர். இப்படி மறந்துபோகிறவர்களை யாரும் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவதில்லை என்பதால், அவரே ரயிலேறி வீடு வீடாக வந்தார். கையில் வெளிநாட்டில் தயாரித்த கேள்விகள்.

"இப்போ என்ன பருவம் ஐயா?"

"எனுக்கு இன்னா பருவம் டாக்டரம்மா? ரிடையர் ஆவப்போறேன்!"

வாய்விட்டுச் சிரித்த டாக்டர் அந்தக் கேள்வியை அடித்துவிட்டார். "தப்பு கேள்வி மேலதான். ஆவடியிலேர்ந்து ஸ்டேஷன் பேரெல்லாம் வரிசையா சொல்லுங்க."

"ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர்..." அப்பா விழித்தார். பிறகு மெல்ல, "ஆவடி" என்றார். அந்தத் தடத்திலேயே வாழ்க்கையைக் கழித்தவர்.

டாக்டர் அம்மாவைத் தனியே அழைத்தார். "இது குடி இல்லம்மா. மூளையில வர்ற நோய். மருந்து இன்னும் யாருக்கும் தெரியாது. அதைத்தான் தேடறேன்." அம்மா அழுதாள். ஆனால் அடுத்த ஞாயிறு மாதா கோயிலுக்குப் போனாள்.

குணப்படுத்த முடியாது என்று தெரிந்தும் டாக்டர் வருவதை நிறுத்தவில்லை. அப்பா இறந்த அன்று, தயங்கித் தயங்கி, மூளையை ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று கேட்டார். சித்தப்பா கொதித்தார்: "எங்கண்ணன முழுசா பொதைக்கணும்!"

அம்மா எழுந்து நின்றாள். "தெறந்து பாருங்க டாக்டரம்மா. எங்கூட்டுக்காரரு குடிச்சிட்டுத் தடுமாறலன்னு ஊருக்கே தெரியட்டும்."

சில மாதங்கள் கழித்து டாக்டர் எங்களை அழைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். கண்ணாடித் தகட்டில் அப்பாவின் மூளையிலிருந்து எடுத்த மெல்லிய சீவல்; அதில் கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள். அம்மா வெகுநேரம் குனிந்தே இருந்தாள். "இத்தினி கறையவும் தலைல வெச்சிக்கினுதானா இந்த மனுசன் என்னைப் பாத்து சிரிச்சாரு?" என்றாள். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

தொண்ணூறுகளில் நான் கனடா கிளம்பியபோது, கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். பிறகு ரயிலேறி டாக்டரின் ஆய்வகத்துக்குப் போனேன். அந்தத் தகட்டை என் உள்ளங்கையில் வைத்தார். "போய்ட்டு வரேன்பா" என்று எங்கே சொல்வது எனத் தெரியாமல், இரண்டு இடத்திலும் சொன்னேன்.